கேம்ப் போடும் முன் எங்கள் பட்டியலைக் கேளுங்கள்: நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் தன்னார்வ மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்களைப் போன்ற கிராமத்துத் தலைமையாசிரியர்களின் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வரும். "சார், இந்த வருஷம் உங்க ஊர்ல ஸ்பெஷல் கேம்ப் போடலாம்னு இருக்கோம். அம்பது பேர், ஏழு நாள். ஸ்கூல்ல தங்கிக்கலாமா? தண்ணி இருக்கா? சமைக்க இடம் இருக்கா?" எல்லாம் இருக்கிறது, வாருங்கள் என்றுதான் சொல்வோம். படிக்கிற பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அந்த அழைப்பில் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை. உங்கள் பள்ளிக்கு என்ன வேண்டும் என்பதுதான் அது. அதை முதலில் கேளுங்கள், அதுவும் டிசம்பரில் இல்லாமல் ஜூன் மாதமே கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில், தைலமரக் காடுகளைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியர். ஊரின் பெயரையோ எந்தக் கல்லூரியின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அது எந்தக் கல்லூரி என்று தேடுவதிலேயே பேச்சு முடிந்துவிடும். நான் சொல்வது ஒரு கல்லூரியின் தவறும் இல்லை. மாவட்டத்தில் எந்தத் தலைமையாசிரியரைக் கேட்டாலும் இதில் பாதியாவது சொல்வார்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் தென்னை, பலா, தேக்கு என்று நின்றதெல்லாம் படுத்துவிட்டது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது எங்கெங்கிருந்தோ கல்லூரி மாணவர்கள் வேன் பிடித்து வந்தார்கள். எங்கள் பள்ளி வாசலில் இறங்கியதும் அவர்கள் கேட்டது, "சார், எதை முதல்ல எடுக்கணும்?" வாசலில் குறுக்கே கிடந்த மரத்தை அறுத்து இழுத்துப் போட்டார்கள். சத்துணவுக் கூடத்தில் பறந்துபோன ஓட்டுக்குப் பதிலாகத் தார்ப்பாய் கட்டினார்கள். நனைந்த புத்தகங்களைத் திண்ணையில் பரப்பிக் காயவைத்தார்கள். யார் கையிலும் பேனர் இல்லை, அவர்களை உபசரிக்க எங்களுக்குத் தெம்பும் இல்லை; வேலை மட்டும் நடந்தது. அதைக் கண்ணால் பார்த்தவன் நான். மாணவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. புயல் அடித்தால் கேட்டுச் செய்யத் தெரிந்த நமக்கு, சாதாரண வருடத்தில் அது ஏன் மறந்துபோகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

சாதாரண வருடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

தொடக்கப்பள்ளி வகுப்பறைக்குள் நீங்கள் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் கை எட்டும் உயரத்துக்கு, சுற்றிலும் கரும்பலகை பூசியிருக்கும். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் மாநிலம் முழுக்கப் போட்டது அது. அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பிள்ளை என்று பெயர் எழுதி வைத்திருப்போம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதில் தன் இடத்தில் உட்கார்ந்து 'அ' போடும், உள்ளங்கையால் துடைக்கும், மறுபடி போடும். நோட்டில் எழுதப் பயப்படும் பிள்ளைகூட அதில் தைரியமாக எழுதும். தப்பு வந்தால் யாருக்கும் தெரியாமல் அழித்துவிடலாம் இல்லையா?

ஒரு முகாமின்போது நான் வட்டாரக் கல்வி அலுவலகம் வரை போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தேன். ஒன்றாம் வகுப்பில் அந்தக் கரும்பலகையைக் காணோம். அந்த இடத்தில் நீல வானம், வானவில், ஒரு பெரிய யானை, சிரிக்கிற சூரியன். வரைந்த பிள்ளைகள் முழங்கை வரை பெயிண்டோடு, "எப்படி சார் இருக்கு?" என்றார்கள். படம் நன்றாகத்தான் இருந்தது. அந்த முகங்களைப் பார்த்து என்ன சொல்வது? மறுநாள் நிறைவு விழாவில் சிறப்பு விருந்தினரிலிருந்து எல்லோரும் அந்த யானைக்கு முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். அடித்தது எனாமல் பெயிண்ட். மேலே கரும்பலகை மை பூசினால் பிடிக்கவில்லை. சுரண்டி, பட்டி பார்த்து, மறுபடி பூச அடுத்த ஜூன் ஆகிவிட்டது. செலவு எங்கள் பையிலிருந்து. அதுவரை பிள்ளைகள் பழைய ஞாபகத்தில் யானையின் காலில் சாக்பீஸால் எழுதிப் பார்ப்பார்கள். வழுக்கிக்கொண்டு போகும்.

வருவதற்கு முன் என்னிடமோ ஒன்றாம் வகுப்பு டீச்சரிடமோ ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சுற்றுச்சுவரின் வெளிப்பக்கத்தைக் காட்டியிருப்போம். அங்கே ஒரு யானைக் கூட்டத்துக்கே இடம் இருந்தது.

தங்குவதைப் பற்றியும் ஒரு வரி. பள்ளி நடக்கும் நாட்களில் முகாம் வைத்தால் இரண்டு வகுப்பறைகள் உங்கள் பெட்டிக்கும் பாய்க்கும் போய்விடும். அந்தப் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். சிறுபிள்ளைகளுக்குக் கட்டிய கழிப்பறையை 50 பெரியவர்கள் ஒரு வாரம் பயன்படுத்தினால் தொட்டி நிரம்பத்தான் செய்யும். அரையாண்டு விடுமுறையில் வையுங்கள். கழிவுநீர் லாரிக்கான செலவையும் முகாம் கணக்கிலேயே எழுதிவிடுங்கள். கிளம்பிப்போன பிறகு எங்களால் உங்களைத் தேடிப்பிடிக்க முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அந்தத் திட்டத்தின் விதி என்ன என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தன்னார்வலர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டு, அதாவது 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அது போக ஏழு நாள் சிறப்பு முகாம். ஆண்டு முழுக்க ஒரு கிராமத்தோடு பழகி, அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்ட ஒரு வேலையை ஏழு நாள் தங்கி முடித்துக்கொடுப்பது என்ற எண்ணத்தில்தான் 'தத்தெடுத்த கிராமம்' என்ற ஏற்பாடே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நடப்பில் முகாம் மட்டும் ஊருக்கு வருகிறது. அந்த 120 மணி நேரமும் பேரணி, உறுதிமொழி, கருத்தரங்கு, வளாகத் தூய்மை என்று கல்லூரிக்குள்ளேயே கரைந்துவிடுகிறது.

அந்த மணி நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அலகில், அதாவது ஒரு யூனிட்டில், 100 தன்னார்வலர்கள் என்றால் ஆண்டுக்கு 12,000 மணி நேரம். அதில் முக்கால்வாசியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3,000 மணி நேரத்தை ஒரே ஒரு பள்ளிக்குக் கொடுத்தால் 50 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 60 மணி நேரம் வரும். ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், 30 வாரம் உட்காருவது. எங்கள் பள்ளியில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகள் மொத்தமே அவ்வளவு இல்லை.

ஆசிரியர்கள் எதற்கு இருக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். கேட்கலாம். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி, தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் 60 வரை இருந்தால் ஆசிரியர் இருவர். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்றால், ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரே எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு போட வேண்டும், பயிற்சிக்குப் போக வேண்டும், தேர்தல் வந்தால் அதற்கும் போக வேண்டும். மூன்று வகுப்பையும் நடத்திவிடலாம், அதில் சமர்த்தர்கள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் பக்கத்தில் அரை மணி நேரம் முழுசாக உட்கார்வதுதான் முடிவதில்லை.

அதை ஒரு பெண் செய்து காட்டியிருக்கிறாள். பக்கத்து ஊர்ப் பெண், அரசுக் கல்லூரியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். முகாமுக்கு வந்தவள், முகாம் முடிந்த பிறகும் தானாகச் சனிக்கிழமைகளில் சைக்கிளில் வர ஆரம்பித்தாள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எழுத்தெல்லாம் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. 'கோழி' என்று எழுதியிருந்தால் முதலில் 'கே' என்பான், பக்கத்தில் இருக்கும் காலைத் தனியாகப் பார்ப்பான், 'கேழி' என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பெண் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். "உங்க வீட்ல ஆடு இருக்காடா?" என்று கேட்டு, அவன் வாயால் சொல்லச் சொல்ல அப்படியே ஒரு தாளில் பெரிதாக எழுதினாள். 'எங்க ஆட்டுக்குட்டி பேரு கருப்பி. அது எங்க அம்மாவத்தான் முட்டும்.' அப்புறம் அதை அவனிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னாள். தான் சொன்னதுதானே, வாசித்துவிட்டான். கருப்பி சினையானது, குட்டி போட்டது, சந்தைக்குப் போனது என்று தாள் சேர்ந்துகொண்டே போனது. 'கொம்பு', 'கோபம்', 'சந்தோசம்' எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிட்டன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று படிகள் உண்டு. ஆண்டுத் தேர்வு வருவதற்குள் அவன் 'நட'வுக்கு வந்துவிட்டான். அந்தப் பெண்ணுக்கு நிறைவு விழாவோ சான்றிதழோ எதுவும் இல்லை. அவள் வந்த சனிக்கிழமைகள் அவளுடைய 120 மணி நேரத்தில் சேர்ந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. சேர்த்திருக்க வேண்டும்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. எங்கள் மாவட்டத்துக்கு இது பழகிய காரியம். 1991-92இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைக்கு வந்தபோது தெருவிளக்கடியிலும் கோயில் திண்ணையிலும் கல் உடைக்கும் பெண்கள் எழுத்துப் படித்தார்கள், சைக்கிள்கூடக் கற்றுக்கொண்டார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் உள்ளூர் இளைஞர்கள். அது பலித்ததற்குக் காரணம் தினமும் சாயங்காலம் அதே ஆள் அதே இடத்துக்கு மாதக்கணக்கில் வந்ததுதான்.

அடுத்தது, நீங்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு இருக்கிறது. எல்லோரும் என்.எம்.எம்.எஸ். என்றே சொல்கிறோம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் படித்து, பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மாவுக்கு 48,000 ரூபாய் என்பது, பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்துவதா மேலே படிக்க விடுவதா என்ற முடிவையே மாற்றும் தொகை.

தேர்வில் இரண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி. படிப்புத்திறன் தாளை நாங்கள் பார்த்துக்கொள்வோம், பாடத்திலிருந்து வருவதுதான். மனத்திறன் தாள்தான் இடிக்கிறது. எண் தொடர், கண்ணாடியில் தெரியும் உருவம், கடிகார முள்ளின் கோணம், "வடக்கே நடந்து வலப்பக்கம் திரும்பினால்" என்கிற மாதிரிக் கணக்குகள். இவற்றைப் பாடப்புத்தகத்தை மட்டும் வைத்துச் சொல்லித்தர முடியாது. ஆனால் உங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வங்கித் தேர்வுக்கும் குரூப் 4 தேர்வுக்கும் ராத்திரி பகலாகப் போடுவது இதே கணக்குகளைத்தான். அவர்களுக்கும் பயிற்சி, எங்கள் பிள்ளைகளுக்கும் பயிற்சி. ஒன்றுதான், தேர்வு இப்போதெல்லாம் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நடக்கிறது. பிப்ரவரியில் முகாமுக்கு வந்து "பசங்களுக்கு ஏதாவது சொல்லித்தரட்டுமா சார்?" என்று கேட்டால் நாங்கள் என்ன செய்வது? ஜூலையில் வாருங்கள்.

ஜூலையில் வந்தால் இன்னொன்றும் நடக்கும். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி இருப்பது, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. எங்கள் ஊர்ப் பெற்றோர் இதற்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு அலைகிறார்கள். உங்கள் மாணவிகளில் பலர் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறவர்கள், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன். இந்தக் காகிதங்களையெல்லாம் ஒருமுறை அலைந்து வாங்கிப் பழகியவர்கள். எங்கள் அறிவிப்புப் பலகையில் நான் எதை ஒட்டினாலும் படிக்காத ஓர் அம்மா, "அக்கா, எனக்கு இப்படித்தான் வந்துச்சு, பாருங்க" என்று தன் பாஸ்புக்கைக் காட்டுகிற பெண்ணை நம்புவார்.

கட்டடம், தண்ணீர் என்று வந்தால் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., பொறியியல் கல்லூரி அலகுகளைத்தான் நான் தேடுவேன். எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவின் உள்தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்கள் கழிப்பறைக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டார்கள். இதை அவர்கள் என்னிடம் சொல்லவில்லை, சத்துணவு ஆயாவிடம் சொன்னார்கள். அவர் எனக்குச் சொன்னார். ஒரு பாலிடெக்னிக் மாணவர் கூட்டம் வந்து ஒரே மத்தியானத்தில் தாழ்ப்பாள் போட்டு, ஒழுகிய குழாய்களுக்கு வாஷர் மாற்றி, சின்டெக்ஸ் தொட்டியின் மிதவை வால்வையும் சரிசெய்துவிட்டுப் போனார்கள். மொத்தச் செலவு ஒரு பொன்னாடையின் விலையை விடக் கொஞ்சம்தான் கூட. இதையெல்லாம் எழுதினால் அறிக்கை அழகாக வராது என்பது தெரியும். ஆனால் சுவர் ஓவியம், தாழ்ப்பாள் இரண்டில் எது வேண்டும் என்று அந்தப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

சிவில் படிக்கும் மாணவர்களுக்கு இன்னும் பெரிய வேலை இருக்கிறது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். இடித்தது சரிதான். பல ஊர்களில் அந்த இடத்தில் புதுக் கட்டடம் எழும்புவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போடுகிறது, கிராமசபையில் பேசுகிறோம், மனு கொடுக்கிறோம். மனுவில் நாங்கள் எழுதுவது "கட்டடம் மிகவும் பழுதடைந்துள்ளது" என்ற ஒரு வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்தில் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். அதோடு டேப் வைத்து அளந்த ஒரு வரைபடம், விரிசல் எங்கே, எவ்வளவு நீளம் என்று காட்டும் படங்கள், சுமாராக எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு ஆகியவை இருந்தால் கோப்புக்கு ஒரு கனம் வரும். ஒன்றியப் பொறியாளர் நேரில் வந்து பார்க்க ஒரு காரணம் கிடைக்கும். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாக யாராவது உதவ முன்வந்தாலும் முதலில் கேட்பது இந்த மதிப்பீட்டைத்தான். உங்கள் மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்குப் போடும் மதிப்பீட்டை ஒரு நிஜக் கட்டடத்துக்குப் போடட்டுமே. பேராசிரியர் ஒருவர் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் யாரைக் கேட்பது? தலைமையாசிரியரை மட்டும் கேட்டால் போதாது, நானே சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை. எங்கள் பள்ளியில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கூட்டம். என் கண்ணில் படாததெல்லாம் அங்கே வரும். சுற்றுச்சுவர் வேண்டும் என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது, "சார், முதல்ல பஸ் ஸ்டாப்புலேர்ந்து பள்ளிக்கூடம் வர்ற பாதைல இருக்கிற கருவேலமுள்ள வெட்டுங்க, பிள்ளைங்க செருப்பு இல்லாம வருது" என்று ஓர் அம்மா சொன்னார். அந்தக் கூட்டத்தில் உங்கள் மாணவர்கள் இரண்டு பேர் வந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்து குறிப்பெடுத்தாலே ஆண்டு முழுக்க வேலை கிடைத்துவிடும்.

முதலில் பட்டியல், அப்புறம் உதவி என்பது தமிழ்நாட்டில் செய்து பார்த்து வெற்றி பெற்ற வழிதான். காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து முதலில் எழுதினார்கள். அதை ஊரறியப் படித்துக் காட்டினார்கள். அப்புறம் ஒருவர் நிலம் கொடுத்தார், ஒருவர் நாற்காலி, ஒருவர் கடிகாரம், ஒருவர் பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி. மாநிலம் முழுக்க அது பரவியது. கொடுக்கிறவருக்குப் பிடித்ததைக் கொடுக்காமல், பட்டியலில் இருப்பதைக் கொடுத்தார்கள். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த முறையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மரக்கன்றைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பிப்ரவரியில் நட்டுவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள், மே மாதம் நாங்களும் விடுமுறையில் போய்விடுவோம், ஆடுகளுக்கு விடுமுறை கிடையாது. நடுவதென்றால் ஐப்பசி மழையில் வந்து நடுங்கள், கூண்டோடு.

படம் எடுப்பதைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். ஒரு பென்சில் பெட்டியை ஐந்து பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு குழந்தையை நிறுத்தி எடுக்கும் படம் வேண்டாம். அந்தக் குழந்தைக்கு எட்டு வயதாகும்போது ஒன்றும் தெரியாது. பதினாறு வயதில் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அதைப் பார்க்கும்போது தெரியும். பிள்ளைகளின் முகத்தை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். பாடம் சொல்லித்தர வரும்போது தனியாக ஒரு பிள்ளையை அறைக்குள் அழைத்துப் போகாமல் திறந்த தாழ்வாரத்தில், இருவர் இருவராக உட்காருங்கள். பக்கத்தில் ஓர் ஆசிரியரோ குழு உறுப்பினரோ இருப்பார். இது உங்கள்மேல் சந்தேகத்தால் சொல்வது இல்லை, யார் வந்தாலும் எங்கள் பள்ளியில் இதுதான் வழக்கம். ஏதாவது தவறாகக் கண்ணில் பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 இரண்டும் எங்கள் வாசல் சுவரிலேயே எழுதியிருக்கின்றன.

இன்னொன்று. எங்கள் ஊரிலும் இரண்டு குடியிருப்புகள் உண்டு, விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சுகாதாரக் கணக்கெடுப்பு என்று கிளம்பும் மாணவர்கள் பெரும்பாலும் பள்ளிக்குப் பக்கத்துத் தெருக்களோடு திரும்பிவிடுகிறார்கள். வெயில் ஒரு காரணம். ஊர்ப் பெரியவர்கள் யாராவது "அங்கெல்லாம் போக வேணாம் தம்பி" என்று சொல்வதும் ஒரு காரணம். அங்கே போங்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பாடம் சொல்லுங்கள், இரண்டு பக்கத்து வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். வெளியூரிலிருந்து வரும் இருபது வயதுப் பிள்ளைகள் அதைச் சாதாரணமாகச் செய்வதைப் பார்ப்பது, எங்கள் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு நான் வகுப்பில் பேசுவதைவிட நன்றாக உறைக்கும்.

திட்ட அலுவலர்களின் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களுக்கும் முழு நேர வகுப்புகள் உண்டு. நிதி வருவதற்குள் கைக்காசைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதாகப் பல அலுவலர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெண்பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துப் போனால் வீட்டுக்கு வீடு பதில் சொல்ல வேண்டும். மேலே கேட்பதோ படம், பத்திரிகைச் செய்தி, பயன்பெற்றவர் எண்ணிக்கை. ஆகவே பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அறிக்கைப் படிவத்தில் இரண்டு வரி சேருங்கள். வேலை தொடங்கும் முன் பள்ளி மேலாண்மைக் குழு கொடுத்த பட்டியல் எது? ஆறு மாதம் கழித்து அதே குழு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது? இரண்டாவது தாளில் எங்கள் குழுத் தலைவர் அம்மாவின் கையெழுத்து இருந்தால் போதும், சிறப்பு விருந்தினரின் படம் தேவைப்படாது. சனிக்கிழமை சைக்கிளில் வந்த அந்தப் பெண்ணைப் போன்றவர்களின் மணி நேரமும் கணக்கில் ஏறும்.

எங்கள் இந்த ஆண்டுப் பட்டியலை எழுதிவிட்டோம். ஐந்தாம் வகுப்பில் நான்கு பேருக்கும் நான்காம் வகுப்பில் ஏழு பேருக்கும் வாசிக்கச் சொல்லித்தர ஆள் வேண்டும். என்.எம்.எம்.எஸ். எழுதப்போகும் ஒன்பது பேருக்கு மனத்திறன் சொல்லித்தர ஜூலை முதல் இரண்டு பேர் வேண்டும். பழைய ஓட்டுக் கட்டடத்தை அளந்து மதிப்பீடு போட வேண்டும். அக்டோபர் 2 கிராமசபைக்கு முன் கைக்கு வந்தால் நல்லது. நூலக அலமாரியில் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் கலைந்து கிடக்கின்றன, அடுக்கி எண் போட வேண்டும். கருவேலமுள்ளும் இன்னும் பாதி பாக்கி.

கடைசி வெள்ளிக்கிழமை கூட்டம் மூன்றரை மணிக்கு. டவுனிலிருந்து இரண்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்துக்குத்தான், அதனால் இரண்டு மணிக்கே ஏறிவிடுங்கள். திரும்பிப் போக ஆறு மணிக்கு ஒன்று இருக்கிறது. இருவர் வந்தால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி,
புதுக்கோட்டை மாவட்டம்.